சரிங்க என்றால் சம்மதமா?

சாலம்மாள் பொய்க்காரி இல்லை. பென்னாகரம் பக்கம் அவள் ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். நல்லம்பள்ளி பக்கத்துத் துணிக் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தையல் மெஷினில் உட்காருகிறாள், மட்டம் போட்டதில்லை. அவளைப் போய் சூப்பர்வைசர் மாதவராஜ் திங்கட்கிழமை காலையில், அத்தனை பேர் பார்க்க, "சரின்னு சொல்லிட்டு டிமிக்கி குடுத்த பொய்க்காரி" என்றான். நாக்கா அது, தேள் கொடுக்கா?

நடந்தது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம், செல்போனைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு எல்லாரும் வந்துடணும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் காவியாவைப் பெண் பார்க்க மொரப்பூரிலிருந்து வருகிறார்கள். "சார், நாளைக்கு வூட்டுல..." என்று வாயெடுத்தாள். "என்னா?" என்று அதட்டினான். "சரிங்க" என்றாள். எங்கள் பக்கம் சரிங்க என்றால், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த மகராசனுக்கு அது எங்கே தெரியும்?

மேனேஜர் நிர்மலாதேவி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். சாலம்மாளைப் பார்த்துச் சொன்னாள்:

"மன்னிப்பு கேட்டுட்டு மெஷின்ல உக்காருங்க. இல்லன்னா வேலைக்கு வர வேணாம்."

மொரப்பூர்க்காரர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்யாணச் செலவு கண்ணெதிரே நிற்கிறது. வேலை போனால் என்ன கதி? ஆனாலும் சாலம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எதுக்குங்க மன்னிப்பு? வந்துடணும்னாரு. வர முடியுமான்னு கேட்டாருங்களா? கேட்டிருந்தா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். ஆறு வருசமா எங்கள ஒரு வார்த்த கேட்டதில்லீங்க. கேக்காதவங்களுக்கு வேற என்னாத்தச் சொல்றது? இன்னொருவாட்டி பொய்க்காரின்னா செருப்பு பிஞ்சிரும், ஆமா!"

மாதவராஜ் துள்ளினான். நிர்மலாதேவி அவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?"

"சொன்னேன் மேடம்."

"கேட்டீங்களான்னுதான் கேட்டேன்."

அவன் கையிலிருந்த செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"இனிமே கேளுங்க. ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து நின்றான். "நாளைக்கு... வர முடியுங்களா?"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவன் கேட்டுப் பழகாதவன், இவர்கள் பதில் சொல்லிப் பழகாதவர்கள்.

சாலம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"முடியாதுங்க" என்றாள்.

அவன் மறுபேச்சுப் பேசாமல் அடுத்தவளிடம் நகர்ந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாலம்மாளுக்கு வீட்டில் ஒரு வேலையும் கிடையாது.