மாயாபந்தர் பஸ்ஸில் ஒரு ஜெபம்

மாயாபந்தர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வண்டி எங்கே நின்றாலும் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார்.

மாயாபந்தரில் என் மகளுக்கு விடிகாலையிலேயே வலி கண்டிருந்தது. காட்டு வழியில் போனுக்கு சிக்னல் இல்லை. ஜெபிக்கப் பார்த்தேன், பயத்தில் வார்த்தை வரவில்லை. அவரிடம் சொன்னேன்.

அவர் என் மகளின் பெயரைக் கேட்டு, அதைச் சொல்லி ஜெபித்தார். பிறகு, "அவ பொறந்தப்பவும் இப்படித்தான் பயந்தீங்களா?" என்றார்.

"ஆமாம்மா, வெளிய நின்னு அழுதேன்."

"அன்னிக்கு நீங்க கையில வாங்கின பிள்ளை, இன்னிக்கு ஒரு பிள்ளைய வாங்கப் போகுது. எப்படித்தான் செய்றாரோ கர்த்தர்!" அவருக்கே அது புதுச்செய்தி போலிருந்தது.

பஸ்ஸைப் படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் ஜெட்டியில் எல்லோரும் இறங்கி நின்றபோது போன் அடித்தது. மருமகன்தான். "பொண்ணு, மாமா! ரெண்டு பேரும் டீக் ஹை, நல்லா இருக்காங்க." ஜெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அம்மாவிடம் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

படகு அக்கரை சேர்ந்ததும் பஸ் ஹாரன் அடித்தது. "தாத்தா, சீக்கிரம் ஏறுங்க!" என்றது அந்த அம்மாவின் குரல்.

எந்தக் கிழவரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.