தலைகீழாக வரைந்த வஞ்சிரம்

காத்தவராயனின் வலது கை மணிக்கட்டோடு போய் ஐந்து வருஷம் ஆகியும் அது மூடியபடியே இருந்தது. 1998இல், புதுப்பட்டினத்துக்கு நேரே கடலில், தண்ணீருக்குள் சுற்றும் எஞ்சின் காற்றாடி இழுத்த வலைக்கயிற்றை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கை இல்லை, பிடி மட்டும் இருந்தது. இல்லாத விரல்கள் இல்லாத கயிற்றை இறுக்கின. நகம் உள்ளங்கையில் பதிவதுபோல வலிக்கும். விரிக்க முடியாது. நாளாக நாளாகச் சரியாகும் என்றார் டாக்டர்.

அதன் பிறகு அவன் மனைவி மீனாட்சிதான் மீன்கூடையெடுத்து மார்க்கெட்டுக்குப் போனாள். அவன் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டான். அவள் பொத்தான் போட வந்தால் நகர்ந்துகொள்வான். திறந்த சட்டையோடே திரிந்தான். பீடியை விட்டுவிட்டான். ஒரு கையால் தீக்குச்சி உரச வரவில்லை, உரசச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு மத்தியானம், காலியான தெர்மாகோல் ஐஸ் பெட்டியின் மூடியை மடியில் வைத்து, இடது கட்டைவிரல் நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். சும்மாதான். ஒரு கீறல் வஞ்சிர மீனின் முதுகுபோல வளைந்தது. சரி என்று வயிறு போட்டான், செவுள் போட்டான், வால் போட்டான். முடிந்தபோது உடம்பில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. எது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வலது கை விரிந்திருந்தது.

மூடிகள் தீர்ந்ததும் மீனாட்சி எனாமல் பெயிண்டும் இரண்டு பிரஷ்ஷும் வாங்கிவந்தாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வரைந்த நாட்களில் அவன் தூங்குவதை அவள் கவனித்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்து, அதே குப்பத்துச் சின்னராசு புதிதாக ஃபைபர் படகு எடுத்தபோது, மாமல்லபுரத்து போர்டு ஆர்ட்டிஸ்டுக்குச் அவர் சொல்லியனுப்பும் முன், காத்தவராயனுக்கு அந்த வேலையைக் கேட்டுப் போய் நின்றவளும் மீனாட்சிதான். சின்னராசு யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பூஜை, அதற்குள் முடியட்டும் என்றார்.

படகின் இரண்டு பக்கமும் மீன் வரைய வேண்டும். இரண்டும் படகின் மூக்கைப் பார்த்திருக்க வேண்டும். வலப்பக்கத்து வஞ்சிரத்தைப் பார்த்தவர்கள் கையில் எடுத்துவிடலாம் என்றார்கள். புதன்கிழமை இடப்பக்கத்தை வரைந்து முடித்துவிட்டுத் தள்ளி நின்றபோதுதான் அவனுக்கே தெரிந்தது. மூடிகளில் எப்போதும் வரைவதுபோல மீனின் தலையை வலது பக்கம் வைத்துவிட்டான். இந்தப் பக்கத்தில் அது படகின் பின்பக்கம்.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, மீனு எஞ்சினைத் தேடிகினு போவுது?" என்றான் அவர்களில் ஒருவனான தீனா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டான்.

சின்னராசு கோபப்படவில்லை. பின்னால் பார்க்கும் மீனோடு படகைத் தண்ணியில் இறக்க முடியாது, நாளைக்குள் ஆகாவிட்டால் ஆர்ட்டிஸ்டை வரச்சொல்லிவிடுவேன் என்றார். இந்தப் படகு போனால் அடுத்த படகும் வராது.

ஈரம் காயுமுன் காத்தவராயன் தின்னரில் துணி நனைத்து மீனைத் துடைத்தெடுத்தான். வீட்டுக்குப் போய் மூடியில் தலையை இடது பக்கம் வைத்து வரைந்து பார்த்தான். கோடு நடுங்கியது. ஐஸில் மூன்று நாள் கிடந்த மீன் மாதிரி வந்தது. வலது கை மறுபடி மூடிக்கொண்டது.

மூடியை எறியப்போனவன் பழைய மூடி ஒன்றைப் பார்த்தான். கூரை இடுக்கில் அதைத் தலைகீழாகச் செருகியிருந்தாள் மீனாட்சி. வலது பக்கம் பார்க்க வரைந்த மீன் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் மேலே. அப்படியானால் படகைக் கவிழ்த்துப்போட்டு, தலை வலது பக்கமாகவே இருக்க, வயிறு மேலே முதுகு கீழே என்று வரைந்தால் போதும். நிமிர்த்தும்போது மீனும் நிமிர்ந்துகொள்ளும். மல்லாந்த மீன் அவனுக்குப் புதிதில்லை. வலையில் எந்த மீன் நிமிர்ந்து வந்தது?

ஆனால் படகைக் கவிழ்க்கப் பத்துப் பேர் வேண்டும்.

வியாழன் காலை கடற்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் போய் நின்றான். அவர்கள் ஒரு ஆட்டம் முடித்தார்கள். அவன் இன்னும் நின்றான்.

"படகைக் கவுக்கணும்," என்றான். "என்னால முடியாது."

ஏழு வருஷத்தில் அவன் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. முதலில் எழுந்தவன் தீனா. "கவுத்துப்போட இது இன்னா ஆமையா?" என்று முனகிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினான்.

சாயங்காலம் வரை வரைந்தான். செத்து மிதக்குது என்றார்கள் போகிறவர்கள். அவன் நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நிமிர்த்த வந்தார்கள். காத்தவராயன் தள்ளி நின்றான்.

"சும்மா நிக்கிறியே, மூக்குப் பக்கம் புடி," என்றார் சின்னராசு.

அவன் இடது கையையும் வலது முன்கையையும் கொடுத்துத் தூக்கினான். படகு ஒரு முறை ஆடிவிட்டு மணலில் உட்கார்ந்தது. வஞ்சிரம் கடலைப் பார்த்திருந்தது.

சின்னராசு கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "கண்ணு கொஞ்சம் மேல ஏறிக் கீது."

"அடுத்த படகுல எறக்கிடறேன்," என்றான் காத்தவராயன்.

கற்பூரம் காட்டிப் படகை இறக்கினார்கள். அது அலை தாண்டும்வரை நின்றுவிட்டு, கரையில் இருந்த தீனாவிடம் ஒரு பீடி கேட்டு வாங்கினான். பற்றவைக்கவும் சொன்னான்.