பக்கத்து சீட்டில் ஒரு பிறேக்

என் கணவர் ஒஸ்லோவில் பதினாறு வருடம் பஸ் ஓட்டியவர். மற்றவர் ஓட்டும் வாகனத்தில் கண் மூட மாட்டார். பேர்கனுக்கு நண்பரின் வான் வண்டியில் போனபோதும், நாங்களெல்லாம் வாய் பிளந்து தூங்க, அவர் மட்டும் முழு வழியும் ரோட்டைப் பார்த்தபடியே வந்தார். "ஓட்டுறவனை நம்பினாத்தானே நித்திரை வரும்" என்பார்.

பாரிசவாதம் வந்து அவருடைய இடது கை சோர்ந்துபோனது. லைசன்ஸையும் பறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வைத்தியரிடம் டாக்ஸியில் போவதற்கு மட்டுமே மோர்டென்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டார். மேசை லாச்சிக்குள் ஒரு கட்டுப் புத்தகங்கள் கிடந்தன. கோட்டைகள், பழைய கிறிஸ்தவ மடங்கள், பிரபுக்களின் மாளிகைகள் பற்றி உல்லாசப் பயணிகள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எல்லாவற்றையும் காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தார்.

நான் நாற்பத்தாறு வயதில் கார் பழகி, இரண்டாம் முறைதான் பாஸானேன். குறொன்லாண்டுக்கு மரக்கறி வாங்கப் போய்வருவேன். அவர் ஒருநாள்கூட என்னுடன் ஏறவில்லை. மனிதர் இப்படியே கதிரைக்குள் குந்தியபடி முடிந்துபோவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஓகஸ்ட் சனிக்கிழமை அந்தப் புத்தகக் கட்டைத் தூக்கி மேசையில் போட்டேன்.

"மாளிகை ஒண்டு, மடம் ஒண்டு, கோட்டை ஒண்டு. நீங்கள் வாறீங்களோ இல்லையோ, நான் வெளிக்கிடுறன்."

பச்சைப் பொய். அவர் இல்லாமல் அந்த இடிந்த சுவர்களிடம் எனக்கு என்ன வேலை? ஆனால் அவர் எழுந்து சப்பாத்தை எடுத்தார். ஒற்றைக் கையால் கயிறு கட்ட அவருக்குக் கால் மணித்தியாலம் வேண்டும். ஒட்டுகிற பட்டி வைத்த சப்பாத்து கிழவன்மாருக்காம். உதவிக்குக் குனிந்தால் முகம் கறுத்துவிடும். அந்த நேரத்தில் நான் குசினிக்குள், அடுப்படியில் போய் நிற்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

தெற்கே போகும் பெருந்தெருவில் ஏறியதும் அவருடைய கால் இல்லாத பிறேக்கை மிதிக்கத் தொடங்கியது. "லொறிக்குப் பின்னாலை ஒட்டாதையும். கண்ணாடியைப் பாரும்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மாளிகை வெள்ளை மரத்தில், பெரிய தோட்டத்துடன் அழகாக இருந்தது. அவர் முற்றத்தை அளப்பதுபோலப் பார்த்து, "இதுக்குள்ளை பஸ்ஸைத் திருப்ப ஏலாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

மொஸ் நகரத்தைத் தாண்டி ஒரு சுற்றுவட்டம். "இப்ப போம்! நில்லும்! போம் எண்டுறன்!" பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. சுற்றுவட்டத்தைக் கடந்ததும் காரை ஓரம் கட்டினேன்.

"அப்ப நீங்களே ஓட்டுங்கோவன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. அவர் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். அதை வலது கையால் தூக்கி ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. காரை மடத்துக்கு விட்டேன்.

மடத்துக்குக் கூரை இல்லை. முழங்கால் உயரச் சுவர்களும் உள்ளே புல்லும்தான். வாசல் இருந்த இடத்தில் நின்று, ஒரு காலால் மற்றக் காலின் சப்பாத்தைத் தள்ளிக் கழற்றினார். "என்ன இருந்தாலும் சாமி இருந்த இடம்." பீடத்துக் கல்லில் குந்தியிருந்து சொசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த நோர்வேக் குடும்பம் எங்களை விநோதமாகப் பார்த்தது. நானும் கழற்றினேன். மழை பெய்த ஈரப் புல். வெறும் மேஸோடு, காலுறை நனைய நனையச் சுற்றி வந்தோம்.

திரும்ப மாட்டும்போது கயிறு நனைந்திருந்தது. சுவரில் குந்தியிருந்து கட்டினார், வழுக்கியது. மறுபடி கட்டினார், வழுக்கியது. ஒளிய அங்கே குசினி இல்லை. நான் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சரும்."

திரும்பினேன். காலை நீட்டியிருந்தார்.

"கோட்டையைப் பூட்டிப்போடுவாங்கள். இதைக் கட்டிவிடும்."

புல்லில் முழங்காலிட்டுக் கட்டினேன். "இறுக்கமோ?"

"இல்லை, இவ்வளவு காணும்." மற்றக் காலையும் நீட்டிக்கொண்டே, "அந்த வட்டத்திலை நீர் பிழை விடேல்லை. ஹோர்ன் அடிச்சவன்தான் பிழை" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றச் சப்பாத்துக்கும் இரட்டை முடிச்சுப் போட்டேன்.

மீண்டும் பெருந்தெரு. ஒரு லொறியை முந்தினேன். பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பார்த்தால் அவர் தலை யன்னல் கண்ணாடிப் பக்கம் சரிந்து கிடந்தது. அவசரமாக ரேடியோவை நிறுத்தினேன். குறட்டை கேட்டது.

கோட்டை வாசலுக்கு வந்தபோது பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. எஞ்சினை நிறுத்தினால் எழும்பிவிடுவாரோ என்று பயந்து பயந்து நிறுத்தினேன். எழும்பவில்லை. அப்படியே அசையாமல் இருந்தேன். கடைசியில் கோட்டைக் கதவைப் பூட்ட வந்த பெண், உள்ளே வரவில்லையா என்று தூரத்தில் நின்று கையால் கேட்டாள். நான் இல்லை என்று தலையசைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தேன்.