உருவ முடியாத எண்

சண்டை வந்தால் மார்கஸ் குரலை உயர்த்தமாட்டான். மனைவி கேரனின் கைப்பேசியை எடுத்து, ஊசியால் குத்தி, சிம் கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். குனோங் ராபாட் ஊரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் அவளுக்கு அன்று முழுதும் ஓர் ஆர்டரும் வராது. மன்னிப்புக் கேட்டால்தான் கார்டு திரும்பும். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் அம்மா வழுக்கி விழுந்து, தம் ஊரான பத்து காஜாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்றும் கார்டு அவனிடம்தான் இருந்தது. தாதி பலமுறை அழைத்தும் பயனில்லை. தகவல் தாமதமாகத் தெரிந்து கேரன் போய்ச் சேர்ந்தபோது, காலை முழுக்கத் தனியாகக் கிடந்த அம்மா எதுவும் கேட்காமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறை மார்கஸ் கார்டை உருவியபோது அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அடையாள அட்டையான ஐசியை எடுத்துக்கொண்டு ஷப்னத்தின் கைப்பேசிக் கடைக்குப் போனாள்.

“புதுக் கார்டு போட்டுத் தரவாக்கா?”

“அதையும் உருவிருவாரு. உருவ முடியாத மாதிரி ஏதாச்சும் இருக்கா?”

ஷப்னம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இசிம் இருக்குக்கா. போனுக்குள்ள போர்டோட சேத்தே ஒரு சிப் இருக்கும். கார்டுல இருக்கிற மாதிரி விவரத்தைக் கம்பெனி இணையத்துல அனுப்பும், அந்தச் சிப்புல எறக்கிக்கலாம். நம்பர் அதேதான். உங்க பேர்லதானே இருக்கு?”

“என் பேருதான்.”

“அப்ப போதும்லா. இது ஏறுனதும் பழைய கார்டு செத்துரும்.”

கேரன் ஐசியை நீட்டி, கைரேகைக் கருவியில் பெருவிரலை வைத்தாள். கடையின் வைஃபையில் இணைந்து, ஷப்னம் காட்டிய கியூஆர் குறியைக் கைப்பேசியில் பிடித்தாள். சற்று நேரத்தில் சிக்னல் வந்தது. செட்டிங்கில் போய் யாரும் அழித்துவிடாதபடி கடவு எண்ணையும் மாற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் மார்கஸ் வந்தபோது அவள் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கார்டு அங்கேயே இருந்தது.

“யார் சிம் அது?”

“என்னோடது.”

“கழட்டு.”

“கழட்ட முடியாது. உள்ளுக்குள்ளயே இருக்கு.”

“போனைக் கொடு, ஒடைச்சுப்புடுறேன்.”

“ஒடைங்க. இதே நம்பரை வேற போன்ல எறக்கிக்குவேன்.”

“இவ்வளவு திமிரா ஒனக்கு?”

“ஆமா.”

அவன் கைப்பேசியைத் தொடவில்லை.

அந்த மாதக் கடைசியில் கேரன் கேக் அடுப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு பத்து காஜாவில் அம்மா வீட்டுக்குக் குடிபோனாள். வாடிக்கையாளர்கள் அங்கேயும் அழைக்கிறார்கள். சில நாள் மார்கஸும் அழைப்பான். மாவு பிசைகிற கையோடு திரையைப் பார்ப்பாள், தோன்றினால் எடுப்பாள்.