வீட்டைச் சொல்ல வந்தவள்

கொரோனா ஊரடங்கு முடிந்து வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியில் வேன் ஸ்டாண்டில் என் வண்டி மாதக்கணக்காகத் தூசி தின்றுகொண்டு நின்றிருந்தது. கல்யாணம் இல்லை, கோயில் டூர் இல்லை. அந்த நேரத்தில் கல்வராயன் மலையிலிருந்து திருப்பதிக்கு ஒரு சவாரி என்று ஆள் வந்ததும், சாமி கும்பிடத்தான் போகிறார்கள் என்று நினைத்து உற்சாகமாக ஒப்புக்கொண்டேன். அவர்கள் போனது கோயிலுக்கு இல்லை, ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும்.

எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. மலையில் வேலை இல்லாத மாதங்களில் மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று புரோக்கர்கள் வருவார்கள். எந்த மரம், எந்தக் காடு என்பது சிலருக்கு ஆந்திராவில் இறங்கிய பிறகுதான் தெரியும். சிலர் செம்மரம் என்று தெரிந்தேதான் ஏறுவார்கள், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். பிடிபட்டால் புரோக்கர் போன இடம் தெரியாது. கோடாலி பிடித்தவன் உள்ளே இருப்பான். அவன் குடும்பம் வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

ஸ்டாண்டில் இத்தனை வண்டி இருக்க என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் தெலுங்கு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்குதான். ஆனால் அது ஊர் மாறி வந்து பல தலைமுறை ஆன தெலுங்கு. ரசம் ஊற்று, கதவைச் சாத்து என்கிற அளவுக்கு நன்றாக ஓடும். அதற்கு மேல் போனால் திணறும். ஆந்திராவில் நான் வாயைத் திறந்தால் டீக்கடைக்காரர் சிரித்துவிட்டுத்தான் டீ தருவார். மலை ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு நான் பெரிய பண்டிதன்.

வண்டியில் நாலு குடும்பம். மூன்று குடும்பம் ஜெயிலில் இருப்பவர்களைப் பார்க்க வந்தது. நாலாவதாக ஒரு பெண் தனியாக வந்திருந்தாள், முப்பது வயது இருக்கும். அவள் புருஷனுக்கு அன்றைக்குத் தீர்ப்பு. ஏறும்போதே என்னிடம், "திரும்பி வரசொல்லோ ஒரு ஆளு ஜாஸ்தி வருவாங்கண்ணா, ஒரு சீட்டு வுட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஏற்கெனவே இடுக்கி இடுக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், இதில் காலி சீட்டா என்று எனக்கு எரிச்சல். யாரோ அந்த சீட்டில் மூட்டையை வைத்தார்கள். அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திருவண்ணாமலை தாண்டியதும் பேச்சுக் கொடுத்தேன். தீர்ப்பு வரட்டும், அதற்குள் எப்படி அவர் வருவார் என்று உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன விவரம் எனக்குப் புதிது.

அவர்கள் ஊரில் ஒருவன் தப்பு செய்துவிட்டால் ஊர்க்கூட்டம் கூடும். தப்பு செய்தவன் எல்லார் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ஒப்புக்கொண்டதும் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் அவன் வீட்டு ஆளைக் கூப்பிடுவார். பெண்டாட்டியோ அம்மாவோ எழுந்து நின்று வீட்டைச் சொல்ல வேண்டும். வீட்டில் யார் படுத்த படுக்கை, யார் பால்குடி, நிலத்தில் என்ன நிற்கிறது, ஆடு மாடு எத்தனை, இவன் இல்லாவிட்டால் எது எது நின்றுபோகும் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் என்ன தண்டனை என்று முடிவு செய்வார்களாம். மறைத்தவனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அவன் வீட்டை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் ஜெயிலில் புருஷனைப் பார்த்தபோது இவளே சொல்லியிருக்கிறாள், மறைக்காமல் ஒப்புக்கொள், நான் வந்து வீட்டைச் சொல்லிக்கொள்கிறேன் என்று. இலவச வக்கீல் ஒப்புக்கொள்ளாதே என்று தலையால் தண்ணி குடித்துப் பார்த்திருக்கிறார். கூடப் பிடிபட்டவர்கள் எல்லாம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். இவர் மட்டும் வெட்டினேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் கேஸைத் தனியாகப் பிரித்து, இவருக்கு இன்றைக்குத் தண்டனை சொல்லப் போகிறார்கள்.

நான் கோர்ட்டு வாசலில் நிறைய நேரம் வண்டி போட்டுக் காத்திருந்தவன். கோர்ட்டு நீ நினைக்கிற மாதிரி இருக்காதும்மா என்று சொன்னேன்.

"அங்கயும் ஒரு மனுசன்தான ஒக்காந்துக்கினு இருப்பாரு?" என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பின்னால் அவள் உதட்டை அசைத்து அசைத்து, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோர்ட்டில் தமிழுக்கு என்று இருந்த மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு வரவில்லை. அந்த இலவச வக்கீல் ஒரு சின்ன வயசுப் பெண். நல்ல மனசு, ஆனால் தமிழ் ஒரு வார்த்தை வராது. வாசலில் நான் தெலுங்கில் வழி கேட்டதைப் பார்த்திருந்தவர், கதவோரம் நின்றிருந்த என்னைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டுவிட்டார். உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். காக்கிச் சட்டையோடு நான் அங்கே நின்ற கோலத்தை என் வீட்டுக்காரி பார்த்திருந்தால் என் மேல்தான் கேஸ் என்று நினைத்திருப்பாள்.

நீதிபதி வயதானவர். தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கூண்டில் நின்ற அவள் புருஷனிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் அப்படியே தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு போலீஸ்காரர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். இல்லைங்க, அது அவங்க ஊர் வழக்கம் என்று நான் விளக்கினேன். எழுந்து நின்ற மனுஷன், "வெட்டுனேன் சாமி. வூட்ட என் பொஞ்சாதி சொல்லும்" என்று மட்டும் சொன்னார்.

அவளைப் பேச விடுங்கள் என்று வக்கீல் எழுந்து கெஞ்சிக் கேட்டார். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி வரச் சொல் என்றார். அவள் முன்னால் வந்து கும்பிட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

அழவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஊர்க்கூட்டத்தில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். மாமியாருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வெளிக்குப் போகக்கூடக் கை பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். பெரிய பெண் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறாள். சின்னது இவர் போன பிறகுதான் நடக்கப் பழகியது, அப்பா முகம் தெரியாது. சரிவில் ஒரு துண்டு நிலம், சாமை போடுவார்கள். அவர்கள் ஊரில் பெண் ஏரைத் தொடக் கூடாது. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் தன் உழவையெல்லாம் முடித்துவிட்டு வந்து ஓட்டித் தந்தார். அதற்குள் மழை போய்விட்டது, விதைத்தது அத்தனையும் வீண். இந்த வருடமும் ஏர் பிடிக்கிற கை இல்லாவிட்டால், பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கிழவிக்குக் காவல் வைத்துவிட்டு, தான் கூலிக்குப் போக வேண்டும். அவர் செய்தது தப்புதான், இனி அந்தக் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு என்று முடித்தாள்.

ஒவ்வொன்றாக நான் தெலுங்கில் சொன்னேன். வேர்த்துக் கொட்டியது. 'ஏர் பிடிக்கிற கை' என்பதை எப்படிச் சொல்வது என்று தடுமாறி, வீட்டில் உழுவதற்கு ஆண் இல்லை என்று சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டார். நீ இங்கே வந்திருக்கிறாயே, அந்தக் கண் தெரியாத அம்மாவை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் காலி சீட்டுக்கு ஆள் வந்துவிடும் என்று நானே நம்பிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தம்மா சொன்னது எல்லாவற்றையும் நான் கேட்டேன் என்று சொல்லு. இந்தக் குற்றத்துக்கு ஐந்து வருடத்துக்குக் கீழே கொடுக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த ஐந்தைத்தான் கொடுக்கிறேன். அதற்குக் குறைவாகக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. உள்ளே இருந்த மாதங்கள் அதில் கழியும்.

இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "வூட்ட சொல்றதுக்கு முன்னாடி எத்தினி வருசம்ணா இருந்துச்சு?"

அப்பவும் அஞ்சுதாம்மா என்றேன்.

"நான் சொன்னத முழுசா சொன்னீங்களாண்ணா?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம், அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த உலகத்தில், ஒரு வீட்டை முழுசாகக் கேட்ட பிறகு தண்டனை அப்படியே நிற்காது. அப்படியே நிற்கிறது என்றால் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்தவன் நான். எல்லாம் சொன்னேம்மா என்றேன். என் குரல் எனக்கே திருடன் குரல் மாதிரி கேட்டது.

திரும்பி வரும்போது யாரும் அந்த சீட்டில் உட்காரவில்லை. சித்தூரில் சாப்பிட நிறுத்தியபோது அவள் பையிலிருந்து சாமைச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து எல்லாருக்கும் பங்கு வைத்தாள். பைக்குள் வெளுத்து மடித்த ஒரு சட்டை இருந்ததைப் பார்த்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் சொன்ன தெலுங்கை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஏர் பிடிக்கிற கை என்பதை இன்னும் சரியாகச் சொல்லியிருக்கலாமோ? வேறு ஒருவன், நல்ல தெலுங்குக்காரன் நின்றிருந்தால் கதையே வேறோ? சட்டம் என்று தெரிந்தும் புத்தி அங்கேயே போய் நின்றது.

அடுத்த வருடம் ஆடி மாதம், வெள்ளிமலைப் பக்கம் ஒரு சவாரி இறக்கிவிட்டு அவள் ஊர் வழியாக வந்தேன். சாலையிலிருந்து பார்த்தால் சரிவில் ஒரு பெண் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊர் வழக்கம் தெரிந்தவன் என்பதால் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். அவள்தான்.

என்னைப் பார்த்ததும் மாட்டை நிறுத்திவிட்டு வந்தாள். நலம் விசாரித்தாள். பெரிய பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். கிழவியையும் சின்னதையும் பெரியவள்தான் இப்போது வீட்டில் பார்த்துக்கொள்கிறாள் என்றாள். கூடப் பிடிபட்டு, ஒன்றும் தெரியாது என்று சொன்னவர்கள் ஜாமீனில் வந்து அவரவர் நிலத்தில் உழுகிறார்களாம். அதையும் பொறாமையில்லாமல்தான் சொன்னாள். ஏரைப் பற்றி நானே கேட்டேன். ஊர்க்கூட்டத்தில் போய் வீட்டைச் சொன்னாளாம், கோர்ட்டில் சொன்ன அதே மாதிரி. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு, சரி, நீயே ஏர் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டார்களாம். சிலருக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவள் உழும்போது அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்களாம். "போறாங்க, இன்னா பண்றது" என்றாள்.

எனக்குள் இத்தனை நாள் அரித்துக்கொண்டிருந்ததை எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணா, நான் அன்னிக்கி உங்கள கேட்டது தப்புங்க. நீங்க முழுசாத்தான் சொல்லிகிறீங்க. எங்கத்தைய யாரு பாத்துக்கறாங்கன்னு அவுரு கேட்டாருல்ல? காதுல வுழாம எப்டி கேட்டுருப்பாரு?"

உழவு மாட்டின் பின்னால் நடந்து நடந்து இதைத்தான் யோசித்திருக்கிறாள். என் மேலிருந்த பழியை அவளாகவே இறக்கி வைத்துவிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"கேட்டுட்டுத்தாண்ணா குடுத்துகிறாரு" என்றாள்.

சொல்லிவிட்டு மறுபடி ஏரைப் பிடிக்கப் போய்விட்டாள். மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தும் வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை. அவள் நினைத்த மாதிரியே அங்கேயும் ஒரு மனுஷன்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டார், கண்ணாடியைக் கழற்றினார், அவருக்கும் மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த மலை மேல் அவள் வீட்டைக் கேட்ட சில பேர், காலகாலமாக இருந்த வழக்கத்தையே அவளுக்காக விட்டுக்கொடுத்தார்கள். அத்தனை பெரிய கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவரால் ஒரு மாதத்தைக்கூட விட்டுக்கொடுக்க முடியவில்லை. தண்டனை அந்த ஆளுக்குத்தான் என்று பேப்பரில் எழுதியிருக்கும். ஆனால் அதில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்ணும், கண் தெரியாத கிழவியும், அப்பா முகம் அறியாத குழந்தையும் வருடக்கணக்கில் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முழுசாகத்தான் சொன்னேன், அவரும் முழுசாகத்தான் கேட்டார்; இரண்டில் ஒன்றாவது தவறியிருக்கக் கூடாதா என்று, இன்றைக்கும் திருப்பதி சவாரி வரும்போதெல்லாம் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.