அன்று அண்ணன் கொடுத்த சவுண்டு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. வெயிலென்றும் தூரமென்றும் பாராமல் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். தாலுகா அலுவலகத்தில் குறிப்பு எழுதியே தேய்ந்த கை என்னுடையது. புகழ்ந்து எழுத வராது. தவிர, இதில் வரும் ஒரு விஷயத்தை எழுதவே கூடாது என்று வீட்டில் பெரிய சண்டை. எழுதச் சொன்னவர் அண்ணன்தான். அவருடைய தங்கை என்ற முறையில் எழுதுகிறேன்.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் பிறந்தார் அண்ணன். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு வைத்தவர். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் வீட்டோடு எல்லோரும் கூலி வேலைக்குப் போவோம். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறியதும் அண்ணன் ஒரு கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்தார். கீழேயிருந்து ஒருவர் செங்கல்லை வீச, சாரத்தில் நிற்பவர் அதைப் பிடித்து அடுக்க வேண்டும். நழுவவிட்டால் கீழே இருப்பவர் மண்டை உடையும். கள்ளக்குறிச்சியில் ஒரு கட்டடத்தில் அண்ணன் கல் பிடிப்பதைப் பார்த்த கால்பந்து கிளப்பின் மேனேஜர், "தம்பி, பந்து புடிப்பியா?" என்று கேட்டாராம். "செங்கல்ல வுட லேசா இருந்தா புடிப்பேண்ணே" என்றாராம் அண்ணன். இந்தப் பதிலை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள்.

அப்படித்தான் கோல்கீப்பர் ஆனார். மாவட்ட லீக்கில் கடைசி டிவிஷனில் ஆடிய கிளப் அது. கீப்பருக்குக் கையுறை கிடையாது. மழை பெய்தால் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கிற பேக்காக ஆடியவர் வெள்ளையன் அவர்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். இருவரும் கிளப் அறையிலேயே தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வெள்ளையனைத் தாண்டி வருகிற பந்துதான் தனக்கு வேலை, மற்ற நேரம் தான் வேடிக்கை பார்ப்பவன் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்ட நேரம். சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். நம் உறவிலேயே பலர் மறியலில் உட்கார்ந்தவர்கள். படிப்பும் வேலையும் கேட்பது நியாயம் என்றுதான் அண்ணனும் பேசுவார். ஆனால் அந்த நாட்களில் நான்கு பேர் கூடிய இடத்தில், இவன் யார் பக்கம் என்ற கேள்விதான் முதலில் வரும். போலீஸும் அதைக் கேட்டது, மறியல்காரர்களும் கேட்டார்கள். சேர்ந்து ஆடுகிற பையன்களுக்குள்ளும் அந்தப் பார்வை வந்துவிட்டது. அணியில் வெள்ளையன் ஒருவர்தான் வேறு சாதி, மலைக்காரர்.

இந்தச் சூழ்நிலையில் கடலூரில் சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் கிளப் லீக்கில் நீடிக்கும், தோற்றால் வெளியே. அண்ணனுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சென்னையில் ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அரசு வேலை. வாடகை வேன் மரம் கிடந்த இடத்திலெல்லாம் வயலில் இறங்கி, ஏறி, ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் மைதானம் போய்ச் சேர்ந்தது.

அன்று அண்ணன் ஆடியதைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. வந்த பந்தையெல்லாம் பிடித்தார். கோல் ஏதும் விழாமல் ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம் பாக்கி. ஒரு பந்து உயரமாக வந்தது. வெள்ளையன் அதற்கு அடியில் நின்றார். அண்ணன் கோலை விட்டு வெளியே ஓடிவந்துகொண்டே "வுடு! வுடு!" என்று கத்தினார்.

நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். விட்டுவிடு என்பதும் வுடுதான். ஓங்கி ஒன்று கொடு என்பதும் வுடுதான். 'நான் பிடித்துக்கொள்கிறேன், நீ விலகு' என்றார் அண்ணன். 'உதை' என்று கேட்டது வெள்ளையனுக்கு. உதைத்தார். பந்து காலில் கோணலாகப் பட்டு, ஓடிவந்த அண்ணனைத் தாண்டி, ஆளில்லாத கோலுக்குள் போய்விட்டது.

விசில் ஊதியதும் மேனேஜர் ஓடிவந்தார். "டேய் வெள்ளையா, இன்னாடா பண்ண?"

"அவன்தாண்ணே வுடுன்னான்! அதான் வுட்டேன்."

மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சவுண்டு குடுத்தியா?"

சென்னை அதிகாரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கத்தினேன், அவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கோலைக் காலியாக விட்டுவிட்டு வெளியே வந்தவர் அண்ணன். கத்தியதாக ஒப்புக்கொண்டால், ஏன் வெளியே வந்தாய் என்ற கேள்வி அடுத்து வரும் என்று பயந்துவிட்டார்.

"இல்லண்ணே. நான் ஒண்ணும் சொல்லல."

"டேய்! மூஞ்சிய பாத்து சொல்றா" என்றார் வெள்ளையன். அண்ணன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

திரும்பும்போது தியாகதுருகத்துக்கு முன்னால் புதிதாக ஒரு மரம் விழுந்து கிடந்தது. வேன் நின்றது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது. "வேணும்னே அடிச்சிக்கினான்டா. நம்ம ஆளுங்கன்னா இவனுக்கு ஆவாது" என்று ஒருவர் ஆரம்பித்தார். "எறக்கி வுடுங்கடா இவன" என்றார் இன்னொருவர். மரத்தருகே கையில் அரிவாளோடு கும்பல் நிற்கிறது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று வேனுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்கிறது. அந்த இடத்தில் வெள்ளையனைப் பையோடு கீழே இறக்கினார்கள். அவர் கடைசியாக ஒருமுறை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பஸ் இல்லாத ரோட்டில் வெள்ளையன் நடந்தே போய் மறுநாள் மலையேறினார். அன்று அவருக்கு எதுவும் ஆகாமல் போனது தெய்வச் செயல். ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்பே மலைக்குப் போய்விட்டது. அதன்பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. அண்ணனுக்கு இரண்டு மாதத்தில் வேலை ஆர்டர் வந்தது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்னையில் ஆடினார், முட்டி போனதும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார், மாற்றல் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கே வந்தார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், அப்பாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார். நல்லவர். ஆனால் பஸ் ஸ்டாண்டில் வெள்ளையனைத் தூரத்தில் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவார்.

படுக்கையில் விழுந்த பிறகுதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். "எனக்கு மலர் போடுவீங்க இல்ல? அதுல எழுதும்மா."

"அப்புறம் எழுதறது இருக்கட்டும். வண்டி வெச்சிக்கினு இப்பவே மலைக்குப் போலாம் வாண்ணா. நேர்ல சொல்லு."

"அவன் மூஞ்சிய பாத்து என்னால முடியாதும்மா."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. அத்தனை பந்துக்கு முன்னால் பாய்ந்து விழுந்தவருக்கு ஒரு மனிதர் முன்னால் போய் நிற்கத் தைரியம் இல்லை. எட்டு நாளில் போய்விட்டார்.

யார் சொன்னார்களோ தெரியாது, கருமாதிக்கு வெள்ளையன் வந்திருந்தார். பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கப்பா கேட்டாரு, நெசமாவே காட்டிக் குடுத்தியாடான்னு. இல்லப்பான்னேன். நம்பல. நம்பாமயே போய் சேந்துட்டாரு" என்றார். பிறகு, "புக்கு போடறீங்களாமே. இத்த எழுதுவியாம்மா?"

"எழுதறேண்ணே."

"எம்பேரு போட்டு?"

"பேரு போட்டேதான்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

செத்தவரை இப்படி அச்சில் ஏற்றுவார்களா என்று அண்ணி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரேதான், "எழுதுங்க. அவரு கேட்டது அது ஒண்ணுதான்" என்றார். அண்ணிக்கு என் முதல் நன்றி. அண்ணனை இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பழைய கிளப் நண்பர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. அன்று வேனில் இருந்த நண்பர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கருமாதிப் பந்தலை விட்டுக் கிளம்பும்போது வெள்ளையன், "எனக்குப் பத்து புக்கு குடும்மா. மலையில அந்தப் பேச்ச பேசறவங்க இன்னும் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டு அவருக்குப் போய்விட்டது. உங்கள் கையில் இருப்பது அதற்கு அடுத்த கட்டு.