பம்பரம் கை வைக்காத ஷோகேஸ்

துணிக்கடையில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். தெருவைப் பார்த்த ஷோகேஸில் பொம்மைகளுக்கு உடுத்திவிடும் வேலை. அவள் குத்திய குண்டூசியை எல்லாம் பழைய மேலாளர் பிடுங்கி வேறிடத்தில் குத்துவார். "நான் மட்டும் அந்த இடத்துக்கு வந்தா, யார் வேலையிலயும் தலையிட மாட்டேன்" என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் பொருமுவாள்.

அந்த இடம் அவளுக்கே வந்தது. ஷோகேஸுக்குப் புதிதாக ஓர் ஓவியர் சேர்ந்தார். முன்பு நாடக மேடைக்குத் திரை வரைந்தவர், நடுவயதுக்காரர்.

"எல்லாம் உங்க இஷ்டம்" என்றாள்.

அவர் தாடையைச் சொறிந்தபடி காலி ஷோகேஸுக்குள் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே கதை. பம்பரம் அவர் எதிரே போய் நின்றாள்.

"ஏன் இன்னும் ஆரம்பிக்கல?"

"எதை விக்கணும்னே சொல்லாம இஷ்டம் இஷ்டம்னா எப்படி மேடம்? நடுக்கடல்ல விட்ட மாதிரி இருக்கு."

சுருக்கென்றது. சுதந்திரம் என்ற பேரில் மனிதரைக் கைகழுவிவிட்டோமே என்று உறைத்தது.

"மழைக்கோட்டு விக்கணும். சனிக்கிழமை கடை திறக்கும்போது தயாரா இருக்கணும். மத்தது உங்க பாடு."

சனிக்கிழமை பார்த்தால், பேருந்து நிறுத்தப் பலகைக்குக் கீழே கோட்டு போட்ட பொம்மைகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நெருக்கியடித்து நின்றன. ஒன்று மட்டும் கோட்டில்லாமல் தலைக்குச் செய்தித்தாள் பிடித்திருந்தது. பம்பரத்தின் விரல்கள் துறுதுறுத்தன. ஒன்றையாவது திருப்பி வைத்தால் என்ன? ஷோகேஸ் கதவுவரை போனாள், திரும்பினாள், டீ குடித்தாள், மறுபடி போனாள்.

முதலாளி பார்த்துவிட்டுக் குதித்தார். "முகமே தெரியாம எவன் வாங்குவான்? கழட்டச் சொல்லும்மா!"

"ஒரு வாரம் இருக்கட்டும் சார். நான்தான் சரின்னேன். தப்பானா என்னைக் கேளுங்க."

கோட்டு ஒன்றும் அள்ளிக்கொண்டு போகவில்லை, வழக்கம்போலத்தான் விற்றது. ஆனால் போகிறவர்கள் நின்று, செய்தித்தாள் பொம்மையைக் காட்டிச் சிரித்தார்கள். "அடுத்த தடவை முகம் தெரியணும்" என்பதோடு முதலாளி விட்டுவிட்டார்.

அதை ஓவியரிடம் சொன்னபோது, "அதுக்கும் ஒரு வழி இருக்கு மேடம்" என்றார். என்ன வழி என்ற கேள்வியை அவள் மென்று விழுங்கினாள்.

அன்று மாலை வீட்டில் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"கேட்டுட வேண்டியதுதானே?" என்றான் கணவன்.

"கேட்டா சொல்லிடுவாரே! அப்புறம் என்னால சும்மா இருக்க முடியுமா?"